கோபம் வீட்டுக்கு வந்த பிறகு மட்டும் வருவது ஏன்?

திருப்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 41. இருபத்திரண்டு தையல் மெஷின் போட்டு, ஆர்டர் தரும் 'பார்ட்டி'களிடம் ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கிறார். "பார்ட்டி என்ன பேசினாலும் சிரித்துக்கொண்டே நின்றுவிடுகிறேன். வீட்டுக்கு வந்தால் வாசலில் செருப்பு தாறுமாறாகக் கிடப்பது, சோற்றில் ஒரு முடி, பையன் கையில் போன், ஏதாவது ஒன்று போதும், வெடித்துவிடுகிறேன். பிறகு ராத்திரி முழுக்க வருத்தப்பட்டுக்கொண்டே படுத்திருக்கிறேன். இப்போதெல்லாம் என் வண்டிச் சத்தம் கேட்டாலே பையன் மாடிக்குப் போய்விடுகிறான். கோபத்தை அடக்க ஒரு வழி சொல்லுங்கள்" என்பது அவர் கேள்வி.

தம்பி, கோபிசெட்டிபாளையத்திலும் ஈரோட்டிலும் மனநல ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முப்பது வருடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். சோமனூரில் தறி, திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி, நாமக்கல்லில் கோழிப்பண்ணை என்று தொழில்தான் மாறும், கேள்வி மாறாது. பெரும்பாலும் மனைவிதான் உள்ளே வந்து கேட்பார். கணவர் வெளியே வண்டியில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருப்பார். நீங்களே கேட்டிருக்கிறீர்கள் என்பதால் பாதி வேலை முடிந்தது.

ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரி தவறு. அடக்கத் தெரியாதவர் இல்லை நீங்கள். காலை எட்டரை மணி முதல் இரவு ஒன்பது மணி வரை அடக்குகிறீர்கள். சரக்கைப் பார்க்க வந்தவர் தையல் பிரிகிறது என்று எல்லோர் முன்னாலும் பீஸைத் தூக்கி மேஜையில் போட்டபோதும் சிரித்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைவிடப் பெரிய அடக்கம் என்ன இருக்கிறது? உங்களுக்குக் கட்டுப்பாடு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோபத்தை யாரிடம் காட்டலாம், யாரிடம் காட்டக் கூடாது என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். இது கேட்க இனிமையாக இருக்காது, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆர்டர் தருபவரிடம் கோபப்பட்டால் ஆர்டர் போய்விடும். ஓவர்லாக் டெய்லரிடம் கோபப்பட்டால் அவர் அடுத்த தெரு கம்பெனிக்குப் போய்விடுவார். மனைவியும் பையனும் எங்கும் போக மாட்டார்கள் என்ற தைரியத்தில் கோபம் அங்கே போகிறது.

வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறளிலேயே இதைப் பிடித்துவிட்டார். சினம் செல்லுபடியாகிற இடத்தில் காப்பவன்தான் சினத்தைக் காப்பவன். செல்லாத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன என்று கேட்கிறார். உங்கள் கணக்கில் பார்ட்டி செல்லாத இடம், பையன் செல்லும் இடம். பகல் முழுக்க நீங்கள் செய்யும் அடக்கத்துக்கு வள்ளுவரிடம் மதிப்பெண் கிடையாது.

சரி, வீட்டிலும் அடக்கிவிட்டால் போதுமா? போதாது. அடக்குவது என்றால் நாம் பெரும்பாலும் முகத்தில் தெரியாமல் வைத்துக்கொள்வதைத்தான் சொல்கிறோம். அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1993இல் ஒரு சோதனை செய்தார்கள். அருவருப்பான படத்தைக் காட்டி, ஒரு பகுதியினரிடம் மட்டும் முகத்தில் எதுவும் தெரியக் கூடாது என்று சொன்னார்கள். அவர்கள் முகத்தை நன்றாகவே மறைத்தார்கள். ஆனால் உள்ளே இருந்த உணர்ச்சி குறையவில்லை. உடலின் பரபரப்பு சில விதங்களில், எடுத்துக்காட்டாகத் தோல் வியர்ப்பதில், மற்றவர்களைவிடக் கூடியே இருந்தது. பிற்பாடு வந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு அந்த நேரத்தில் எதிரே பேசப்பட்டது சரியாக நினைவில் நிற்பதில்லை. பார்ட்டி போன பிறகு 'எந்த அளவில் மாற்றம் சொன்னான்?' என்று நீங்களும் சூப்பர்வைசரும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றதுண்டா? கவனக்குறைவு என்று உங்களையே திட்டிக்கொண்டிருப்பீர்கள். சிரித்துக்கொண்டு நிற்பதற்கே மூளையின் பாதி வேலை போய்விட்டது.

அடுத்ததாக, கொட்டித் தீர்த்துவிட்டால் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கோபம் வந்தால் தலையணையைக் குத்து, கத்தித் தீர்த்துவிடு என்று படித்தவர்களே சொல்கிறார்கள். பிராட் புஷ்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2002இல் 600 மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார். அவர்கள் எழுதிய கட்டுரையை ஒருவர் மட்டம் தட்டும்படி ஏற்பாடு செய்து, ஒரு பகுதியினரை அவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தச் சொன்னார். குத்தியவர்களுக்குக் கோபம் ஏறியதே தவிர இறங்கவில்லை. ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்தான் மற்றவர்களைவிட அமைதியாக இருந்தார்கள். புஷ்மனும் இன்னொருவரும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 154 ஆய்வுகளைப் பார்த்துச் சொன்னதும் அதே திசையில்தான் இருக்கிறது. உடலைச் சூடேற்றும் செயல்கள் மொத்தத்தில் கோபத்தைக் குறைப்பதில்லை, ஓட்டம்கூட. உடலைத் தணிக்கிற மூச்சுப் பயிற்சி, தசை தளர்த்தல், தியானம் போன்றவை குறைக்கின்றன. ஓடுவது உடம்புக்கு நல்லது, ஓடுங்கள். கோபத்துக்கு மருந்தாக ஓடாதீர்கள்.

அடக்கவும் வேண்டாம், கொட்டவும் வேண்டாம் என்றால் வேறு என்னதான் செய்வது? நம் மொழியில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது. சோறு ஆறும், காப்பி ஆறும், புண் ஆறும். ஔவையார் சினத்துக்கும் அந்தச் சொல்லையே போட்டு ஆறுவது சினம் என்றார். அடக்குவது சினம் என்று சொல்லவில்லை. ஒன்றாம் வகுப்பில் ஒப்பித்துவிட்டு நாம் மறந்துபோன வரி. கொதிக்கிற குண்டாவுக்கு மூடி போடுவதும், அடுப்பிலிருந்து இறக்கி வைப்பதும் வேறு வேறு வேலைகள். நீங்கள் பகல் முழுக்க மூடி போட்டு, இரவு ஒன்பதரை மணிக்கு வாசலில் வந்து திறக்கிறீர்கள்.

அடுப்பில் எரிவது எது என்று பார்க்காமல் குண்டாவை இறக்க முடியாது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், நான் சொல்ல வந்ததே இதுதான். உங்களுக்கு வருவது பெரும்பாலும் கோபமே இல்லை.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல் இருக்கிறது. மெய் என்றால் உடல். உள்ளே நடப்பது உடலில் தெரிவதுதான் மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. ஒவ்வொன்றும் எதனால் வரும் என்று நான்கு நான்கு காரணங்களையும் சொல்கிறது. வெகுளிக்குச் சொல்லப்பட்ட நான்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உறுப்பை அறுப்பது, குடியைக் கெடுப்பது, அடித்து அலைக்கழிப்பது, கொல்வது. சோற்றில் முடி அந்தப் பட்டியலில் இல்லை, தம்பி. செருப்பும் இல்லை. இளிவரலின் காரணங்களைப் பாருங்கள்: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. இளிவரல் என்றால் தன்னைத் தானே கீழாக உணர்வது. மென்மை இங்கே வலுவில்லாமை. வயது நாற்பது தாண்டிவிட்டது, முதுகு வலிக்கிறது, உழைத்து உழைத்து ஓய்ந்திருக்கிறது, எதிரே நிற்பவனிடம் பேச வலு இல்லை. உங்கள் ஒரு நாளை அப்படியே எழுதி வைத்ததுபோல் இல்லையா? பீஸைத் தூக்கி மேஜையில் போட்டபோது உங்களுக்குள் நடந்தது இளிவரல். சனிக்கிழமை வாரச் சம்பளம் போட வேண்டும், பில் பணம் இன்னும் வரவில்லை என்று நினைத்தபோது நடந்தது அச்சம். இரண்டும் வீட்டு வாசலில் வெகுளி என்ற பெயரில் இறங்குகின்றன. உங்கள் தொழில் பாஷையில் சொன்னால், எல்லாச் சரக்குக்கும் ஒரே லேபிளைத் தைத்து அனுப்பிவிடுகிறீர்கள்.

ஆண்கள்தான் இதை அதிகம் செய்கிறார்கள் என்பது என் அனுபவம். பயமாக இருக்கிறது என்று சொல்ல நம் பக்கத்து ஆண்பிள்ளைக்கு யாரும் கற்றுத்தரவில்லை. கோபம் வருகிறது என்று சொன்னால் யாரும் குறைவாக நினைப்பதில்லை. என் வீட்டுக்காரரும் விலக்கு இல்லை. மஞ்சள் போடுகிறவர். ஈரோடு மார்க்கெட்டில் விலை விழுந்த நாட்களில் எங்கள் வீட்டு ரசத்தில் உப்பு குறைந்துவிடும். விலை ஏறிய நாட்களில் அதே கை, அதே உப்பு, ஒரு குறையும் இருக்காது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழெட்டு வருடம் ஆயிற்று. நான் படித்தது உளவியல்.

லேபிளைச் சரியாகத் தைப்பதால் என்ன கிடைக்கும்? மேத்யூ லீபர்மன் என்ற உளவியலாளரின் குழு 2007இல், மூளையின் செயல்பாட்டைப் படம்பிடிக்கும் ஸ்கேனுக்குள் ஆட்களைப் படுக்க வைத்து, கோபமும் பயமும் நிறைந்த முகங்களைக் காட்டியது. அந்த முகத்தில் தெரியும் உணர்ச்சிக்கு உரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, ஆபத்தைக் கண்டு முதலில் அலறும் அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு குறைந்தது. நெற்றிப் பக்கத்தில் நிதானத்துக்கு உரிய பகுதி கூடுதலாக வேலை செய்தது. பெயர் சொல்வதே ஒரு தணிப்பு. பெயர் எவ்வளவு நுட்பமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று லிசா ஃபெல்ட்மன் பேரட் போன்ற உளவியலாளர்கள் சொல்கிறார்கள். 'ஒரு மாதிரி இருக்கிறது', 'டென்ஷன்' என்பதெல்லாம் பெயர் இல்லை.

இந்த விஷயத்தில் நமக்கு வெளியிலிருந்து சொல் வாங்க வேண்டிய தேவை இல்லை. நம் ஆத்தாக்களும் அமுச்சிகளும் விட்டுப்போன சொற்கள் வீட்டிலேயே கிடக்கின்றன. 'பொக்குனு போச்சு' என்பார்கள். எதிர்பார்த்து நின்று, அது இல்லை என்று ஆகும்போது நெஞ்சுக்குள் விழும் பள்ளம் அது. கோபத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பொக்கென்று போனவருக்கு வேண்டியது அதைச் சொல்ல ஓர் ஆள். 'வெசனம்' என்பது இன்னும் நடக்காததைப் பற்றி உள்ளே உட்கார்ந்து அரித்துக்கொண்டிருக்கும் கவலை. அதற்கு ஆள் வேண்டாம், பேப்பரும் பேனாவும் வேண்டும்: எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு கொடுக்க வேண்டும், எந்தத் தேதி. 'சடவு' உடம்பின் சலிப்பு. அதற்குச் சோறும் தூக்கமும் தவிர வேறு மருந்தில்லை. 'ரோசம்' மானத்தில் பட்ட அடி. அதைத் தொட்டவனிடம், தகுந்த நேரத்தில், ஒரு வார்த்தை சொல்லாமல் அது தீராது. நான்குக்கும் நான்கு வைத்தியம். நான்கையும் கோபம் என்று சொல்லிவிட்டால் வைத்தியம் ஒன்றே ஒன்றுதான் தோன்றும், கத்துவது.

சோமனூர்ப் பக்கத்தில் தறிக்குடோன் வைத்திருந்த ஒருவரை அவர் மனைவி கூட்டிவந்தார். எனக்குக் கோபம் மட்டும்தான் வரும், வேறு ஒன்றும் வராது என்றார் அவர், ஏறத்தாழப் பெருமையாகவே. பாவு நூல், ஊடை நூல் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்திலேயே எழுதச் சொன்னேன்: எத்தனை மணி, என்ன நடந்தது, உள்ளே என்ன. மூன்றாவது கட்டத்தில் கோபம் என்று எழுதினால் அதன் அடியில் இன்னொரு சொல்லும் எழுத வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஒரு வாரம் கழித்து நோட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கம் முழுக்கப் பயம். பாவு வராமல் தறி நின்றால் என்ன செய்வது, கூலி உயராவிட்டால் கடன் தவணை எப்படி, பையன் தறிக்கு வர மாட்டேன் என்கிறானே என்று வரிசையாக. மனைவி அதைப் படித்துவிட்டு அழுதார். இவ்வளவு பயந்துகொண்டா இருந்தீர்கள் என்று கேட்டார். இருபது வருடம் அவருக்குப் பயந்தே வாழ்ந்தவர் அந்த அம்மாள்.

உங்களுக்கும் அதே வேலைதான். நோட்டு வேண்டாம் என்றால் போனில் எழுதுங்கள். பார்ட்டி கிளம்பிப் போனதும் இரண்டு வரி, வண்டியை எடுப்பதற்கு முன் இரண்டு வரி. அழகாக எழுத வேண்டியதில்லை.

இனி உடம்பு. இதை நீட்ட மாட்டேன். கோபம் வந்தால் காது சூடாவதும் தாடை இறுகுவதும் அட்ரினலின் வேலை. அது சொன்னவுடன் இறங்காது. ஒரு சண்டையின் மிச்சம் உடம்பில் இருக்கும்போதே அடுத்த சிறு விஷயம் வந்தால், பழைய மிச்சமும் புதியதும் ஒன்றாகச் சேர்ந்து புதியதன் கணக்கில் எழுதப்படும். செருப்பின் மேல் வந்த கோபத்தில் செருப்பின் பங்கு கொஞ்சம்தான். இதோடு பகலில் ஆறேழு டீ, மூன்று மணிக்குச் சாப்பாடு, ஷிப்மென்ட் நேரத்தில் ராத்திரி முழுக்கக் கண்விழிப்பு. ஏறத்தாழ 35 மணி நேரம் தூங்காமல் வைக்கப்பட்டவர்களின் அமிக்டலா, தூங்கி எழுந்தவர்களுடையதைவிட 60 சதவீதம் கூடுதலாகத் துள்ளியது என்று 2007இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. நைட் ஒர்க் ஓடிய மறுநாள் வீட்டில் எந்த முடிவும் எடுக்காதீர்கள், எந்தக் கணக்கும் கேட்காதீர்கள். படுத்துவிடுங்கள்.

கம்பெனிக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பத்து நிமிடத்தை உண்டாக்க வேண்டும். பழைய வீடுகளில் இது தானாகவே இருந்தது. காட்டிலிருந்து வருகிறவர் வாசலில் கைகால் கழுவுவார், திண்ணையில் உட்காருவார், ஒரு சொம்பு தண்ணீர் வரும். அதைக் குடித்து முடிக்கும்வரை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். சுத்தத்துக்கான பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், மனத்துக்கும் அது வேலை செய்தது. இப்போது திண்ணையும் இல்லை, கேட்டைத் திறந்தால் ஹால். அதனால் வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால் ஒரு மரத்தடியோ கோயில் வாசலோ பார்த்து வண்டியை நிறுத்துங்கள். போனைப் பார்க்காதீர்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில், இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கும்படி மூச்சு விடுங்கள். மெதுவாக மூச்சு விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு தணியும். ஐந்து நிமிடம் அதைச் செய்யுங்கள். மீதி ஐந்து நிமிடத்தில் அந்த இரண்டு வரியை எழுதுங்கள். இதில் ஓர் எச்சரிக்கை: மூச்சு விட்டுக்கொண்டே மனத்துக்குள் பார்ட்டியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தால் பயனில்லை. குத்துப்பையைக் குத்தியவர்கள் கதைதான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியிடம் ஒரே ஒரு வரி சொல்லுங்கள். சரக்கு திரும்பி வந்துவிட்டது, வெசனமாக இருக்கிறது, அரைமணி நேரம் கழித்துப் பேசுகிறேன். அவ்வளவுதான். இதைச் சொல்லும்போது நாக்கு கூசும். முதல் முறை எல்லோருக்கும் கூசும். ஆனால் அந்த வரி சொல்லப்பட்ட வீட்டில் செருப்பு செருப்பாகவே இருக்கும். அரைமணி கழித்து உண்மையிலேயே பேச வேண்டும், அதையும் மறக்காதீர்கள். அதோடு, அவருடைய நாள் எப்படிப் போனது என்று கேளுங்கள். சாலையோரத்துச் சுமைதாங்கிக் கல்லுக்கு வேறு வேலை இல்லை; அவருக்கு இருக்கிறது.

நம் ஊருக்கே உரிய ஓர் அடையாளமும் உண்டு, உங்கள் மனைவியைக் கவனிக்கச் சொல்லுங்கள். குரல் உயர்வதற்கு முன்பே 'ங்க' உதிரும். 'சாப்பிட்டீங்களா கண்ணு' என்று பையனைக் கேட்கிறவர் 'சாப்பிட்டியாடா' என்று கேட்கும்போதே உள்ளே பாதிக் கொதி வந்திருக்கும். என்னிடம் வந்த பல குடும்பங்களில் குழந்தைகள் இதை அளந்து வைத்திருந்தார்கள், பெரியவர்களுக்குத்தான் தெரியவில்லை. 'ங்க' உதிர்ந்ததை நீங்களே உங்கள் காதால் கேட்டுவிட்டால், அந்த இடத்திலேயே எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடலாம்.

எல்லாக் கோபமும் பொய் லேபிள் என்று நான் சொல்லவில்லை. மூன்று மாதமாகப் பில் தராமல் இழுப்பவர் மேல் வருவது நியாயமான கோபம். அதை ஆற்றிக்கொண்டே இருந்தால் அது முட்டாள்தனம். உங்கள் யூனிட் உத்யம் என்ற சிறு தொழில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனம் செய்து கொடுத்த வேலைக்கு, எழுத்தில் எந்தத் தவணை ஒப்புக்கொண்டிருந்தாலும், 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். தாமதித்தால் வட்டியும் சேரும். இதற்கென 2017இல் சமாதான் என்ற அரசு இணையதளம் தொடங்கப்பட்டது; இப்போது அரசின் இணையதளம் வழியாகப் புகார் கொடுக்கலாம். தாமதித்த தொகையை, கொடுத்து முடிக்கும்வரை செலவாகக் காட்டி வருமான வரிக் கழிவு பெற முடியாது என்ற விதியும் 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் இருக்கிறது. புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராதே என்பீர்கள். உண்மைதான், பலர் கொடுப்பதில்லை. ஆனால் ஒரே பார்ட்டியை நம்பி இருபத்திரண்டு மெஷினையும் ஓட்டலாமா என்று யோசிக்க வைப்பது அந்தப் பயம்தான். உணர்ச்சி சில நேரம் கணக்குப்பிள்ளை மாதிரி, நாம் பார்க்க விரும்பாத பக்கத்தைத் திறந்து காட்டும்.

ராத்திரி முழுக்க வருந்துகிறேன் என்றீர்களே, அதை நல்ல குணம் என்று நினைத்துவிடாதீர்கள். வருத்தத்தில் இரண்டு வகை. செய்தது தப்பு என்பது ஒன்று, நானே தப்பானவன் என்பது இன்னொன்று. முதலாவது மறுநாள் காலையில் மன்னிப்புக் கேட்க வைக்கும். இரண்டாவது யாரையும் நிமிர்ந்து பார்க்க விடாது. அது இளிவரலேதான், பார்ட்டி கொடுத்ததோடு நீங்களே உங்களுக்குக் கொடுத்துக்கொள்வது. ஜூன் டாங்னி என்ற உளவியலாளர் 1992இல் வெளியிட்ட ஆய்வில், இந்த இரண்டாம் வகைக்கு எளிதில் ஆளாகிறவர்களுக்குக் கோபமும் பிறர்மேல் பழிபோடுவதும் கூடுதலாக இருப்பதைக் கண்டார். ராத்திரி இரண்டு மணி வரை உங்களை நீங்களே திட்டிக்கொள்வது நாளைய கோபத்துக்கு விறகு சேர்ப்பது. தூக்கமும் போகிறது.

சிலவற்றுக்கு மட்டும் என் பதில் போதாது. கை நீட்டியிருக்கிறீர்களா, ஒரு முறையேனும்? குடித்தால்தான் தணிகிறதா? இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறதா? செத்துப்போகலாமா என்று தோன்றியதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் மருத்துவரைப் பாருங்கள். ஆண்களுக்கு மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வராது, எரிச்சலாகத்தான் வரும். தைராய்டு கோளாறும் அப்படிச் செய்யும். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, சீட்டு எடுத்துப் பார்க்கலாம். போனில் பேசினால் போதும் என்றால் 14416, டெலி மானஸ். 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் சேவை, கட்டணம் இல்லை, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். கை நீட்டும் அளவுக்குப் போயிருந்தால், நீங்கள் மாறும்வரை காத்திருக்க வேண்டிய கடமை உங்கள் மனைவிக்கு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பையன் விஷயத்தைக் கடைசியில் வைத்தேன். அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். கடைக்கோ டியூஷனுக்கோ வண்டியில் கூட்டிக்கொண்டு போகும்போது கேளுங்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு உங்கள் முகம் தெரியாது, உங்களுக்கும் அவன் முகம் தெரியாது, இரண்டு பேருக்கும் அது வசதி. நேற்று நான் கத்தியது போனுக்காக இல்லை, கம்பெனியில் ஒரு பிரச்சினை, அதை உன்மேல் இறக்கினேன், தப்பு என் மேல் என்று சொல்லுங்கள். 'ஆனாலும் நீ போனைக் குறைக்க வேண்டும்' என்று கூடச் சேர்த்துவிடாதீர்கள். அதை இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம். அவன் ம்ம் என்பான், அல்லது அதுவும் சொல்ல மாட்டான். மறுநாளும் உங்கள் வண்டிச் சத்தம் கேட்டதும் மாடிக்குத்தான் போவான். ஒரு மாதம்கூடப் போவான். கூப்பிடாதீர்கள். கைகால் கழுவிவிட்டு, கீழே இருந்து சாப்பிட ஆரம்பியுங்கள்.